கான்டி-மான்சிஸ்க் பகல், டொராண்டோ இரவு

சென்னையில் வளர்ந்த இரண்டு பேர், பத்து ஆண்டு இடைவெளியில், ஒரே போட்டியை வென்றிருக்கிறார்கள். 2014 மார்ச்சில் சைபீரியாவின் கான்டி-மான்சிஸ்க் நகரில் விஸ்வநாதன் ஆனந்த்; 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோவில் குகேஷ். கேண்டிடேட்ஸ் என்ற அந்தச் செஸ் போட்டியில் எட்டு பேர் ஆடுவார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் இரண்டு முறை மோதி, பதினான்கு சுற்றுகளின் முடிவில் முதலிடம் பிடிப்பவர் உலகச் சாம்பியனோடு மோதும் உரிமையைப் பெறுவார். இதுவரை இந்தியர்களில் இதை வென்றவர்களைப் பற்றிப் பேசினால் முதலில் வருகிற பெயர்கள் இவை இரண்டும்தான். ஆனந்துக்கு அப்போது வயது 44, குகேஷுக்கு 17.

இரண்டில் எது பெரிது என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் சங்கரன்கோவிலில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சண்டை போட்டதும், பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தந்ததும்தான் ஊரின் தலபுராணம். ஆகவே யார் உயர்ந்தவர் என்பதை விட்டுவிடுகிறேன். எனக்கு ஆர்வம் வேறொன்றில். இந்தப் பத்து ஆண்டில் ஓபனிங் என்ற பகுதி, அதாவது ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்கள், செய்துவந்த வேலையே மாறிவிட்டது. இரண்டு போட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெளிவாகத் தெரிகிறது. இரண்டையும் ஒரே ஊரிலிருந்து தொடர்ந்தவனுக்குக் கூடுதலாக இன்னொன்றும் தெரியும்: பார்ப்பவனின் வேலையும் மாறிவிட்டது.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். கான்டி-மான்சிஸ்கில் ஆட்டம் உள்ளூர் நேரம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும். நமக்கு அது மதியம் இரண்டரை. சாப்பிட்டு உட்கார்ந்தால் முதல் நகர்த்தல், கடை அடைக்கும் நேரத்துக்குள் முடிவு. மறுநாள் காலைப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தில் செய்தியும் வந்துவிடும். டொராண்டோவில் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம் நமக்குச் சரியாக நள்ளிரவு பன்னிரண்டு மணி. விசைத்தறி ஊர் என்பதால் இங்கே இரவில் விழித்திருப்பது அதிசயமில்லை. ஷிஃப்ட் முடிந்து டீ குடிக்க நிற்பவர்களும் இருப்பார்கள். ஆனால் பத்திரிகைக்கு அந்த நேரம் ஒத்துவராது. காலைப் பதிப்பு அச்சேறும்போது டொராண்டோவில் ஆட்டம் நடுவில் இருக்கும். எனவே செல்போன் இல்லாதவருக்கு முடிவு ஒரு நாள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. 2014-இல் பத்திரிகையை நம்பியே ஒரு போட்டியைத் தொடர முடிந்தது. 2024-இல் அது முடியாத காரியம்.

தேதிகளும் விசித்திரமாக அமைந்தன. குகேஷ் எட்டாவது சுற்றில் விதித் குஜராத்தியை வீழ்த்திய ஆட்டம் டொராண்டோ கணக்கில் ஏப்ரல் 13. நமக்குச் சித்திரை முதல் நாள் பிறந்த நள்ளிரவு. பன்னிரண்டாவது சுற்றில் நிஜத் அபாசோவை வீழ்த்திய ஆட்டம் ஏப்ரல் 18. நமக்கு ஏப்ரல் 19 ஆகிவிட்டது, அதாவது தமிழ்நாடு முழுவதும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். சங்கரன்கோவில் தென்காசித் தொகுதியைச் சேர்ந்தது. விடிய விடிய ஆட்டம் பார்த்துவிட்டு அப்படியே வரிசையில் போய் நின்றவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள். 2014-உம் தேர்தல் ஆண்டுதான். ஆனால் அப்போது நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 24. ஆனந்த் வென்று ஊர் திரும்பிப் பல நாள் கழித்து. போகிறபோக்கில் ஒன்று: ஆனந்த் வென்றபோது இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. குகேஷ் வென்றபோது தென்காசி மாவட்டம்.

இருவரும் அந்த எட்டுப் பேரில் ஒருவராக வந்த வழி வேறு வேறு. ஆனந்த் தோற்று வந்தவர். 2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையில், மாக்னஸ் கார்ல்சனிடம் ஆறரைக்கு மூன்றரை என்ற கணக்கில் பட்டத்தை இழந்தார். பத்து ஆட்டத்தில் மூன்று தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லை. பட்டப் போட்டியில் தோற்றவர் என்ற தகுதியில் கேண்டிடேட்ஸில் ஓர் இடம் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளவே அவர் தயங்கினார். ஆடச் சொல்லி ஊக்கப்படுத்தியவர்களில் விளாதிமிர் கிராம்னிக்கும் ஒருவர். அதே கிராம்னிக் கான்டி-மான்சிஸ்கில் போட்டியாளராக உட்கார்ந்து ஆனந்துக்குப் பின்னால் முடித்தார். ஆனந்த் வெல்வார் என்று அன்று பெரும்பாலோர் சொல்லவில்லை. உலகத் தரவரிசையில் இரண்டாவது இடத்திலிருந்த லெவோன் அரோனியனைத்தான் எல்லாரும் காட்டினார்கள்.

குகேஷ் ஏறி வந்தவர். அதுவும் கடைசிப் படியில் மூச்சுத் திணறி. 2023-ஆம் ஆண்டின் ஃபிடே சர்க்யூட் புள்ளிக் கணக்கில் அவருக்கு இடம் கிடைக்குமா என்பது டிசம்பர் கடைசிவரை தெரியவில்லை. அந்த மாதம் சென்னையில் தமிழ்நாடு அரசின் ஆதரவோடு சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி அவசரமாக நடந்தது. அர்ஜுன் எரிகைசியோடு சமமாக முடித்து, டைபிரேக்கில் குகேஷ் வென்றார். ஒருவருக்காகவே போட்டி நடத்தினார்கள் என்று வெளிநாட்டில் முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விதிக்கு உட்பட்டு நடந்த போட்டி, வந்து ஆடியவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. குகேஷ் வெல்வார் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்று போட்டிக்கு முன்பு கார்ல்சன் வெளிப்படையாகவே சொன்னார். ஆக இருவருமே யாரும் பந்தயம் கட்டாத குதிரைகள். ஒருவர் வயதானவர் என்பதால், மற்றவர் சிறுவன் என்பதால்.

இனி ஓபனிங். ஆனந்தை 2014-இல் புரிந்துகொள்ள வேண்டுமானால் 2008-க்குப் போக வேண்டும். ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கோடு நடந்த உலகப் பட்டப் போட்டி. வாழ்நாள் முழுக்க ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இ4-க்கு நகர்த்தி ஆடிய ஆனந்த், அங்கே ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை டி4-க்கு நகர்த்தினார். அதற்குத் தயாராகாமல் வந்திருந்தார் கிராம்னிக். கறுப்பில் மெரான் என்ற கத்தி முனை வரிசை. அதில் 14-ஆவது நகர்த்தலாகப் பிஷப்பை பி7-இல் வைக்கும் ஒரு யோசனை. மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் அதே யோசனை, இரண்டிலும் கறுப்பில் வெற்றி. பட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில் அரோனியனைக் கறுப்பில் 23 நகர்த்தலில் சாய்த்த புகழ்பெற்ற ஆட்டமும் அந்த வகைதான். 2012-இல் உலகப் பட்டப் போட்டியில் கெல்ஃபாண்டோடு மோதுவதற்காக வீட்டில் தயாரித்து, பயன்படுத்தாமல் வைத்திருந்த சரக்கு அது.

எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஓர் எளிய வழி உண்டு. தறியில் துணி நெய்வதற்கு முன் பாவு போட வேண்டும். நீளவாட்டில் ஓடும் நூல் முழுவதும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். குறுக்கே ஓடும் ஊடை மட்டும்தான் தறியில் நடக்கிற வேலை. ஆனந்தின் உச்சக் காலத்தில் பாவு நல்லதாக இருந்தவர் பாதி துணியை நெய்துவிட்ட மாதிரி. எதிராளி கேட்டிராத ஒரு நகர்த்தலை வீட்டில் கண்டுபிடித்து, மாதக்கணக்கில் மறைத்து வைத்து, சரியான நாளில் எடுத்து வைப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் வராண்டாவில் நடந்துகொண்டிருப்பார்.

சென்னை 2013-இல் அந்த வழி அடைபட்டது. கார்ல்சன் ஓபனிங்கில் சண்டையே போடவில்லை. ஆனந்த் வெள்ளையில் ரூய் லோபஸ் என்ற ஓபனிங்கை ஆடினால் பெர்லின் தற்காப்பு. இந்த பெர்லின், 2000-இல் லண்டனில் கிராம்னிக் காஸ்பரோவை அடக்கிய ஆயுதம். முக்கிய வரிசையில் ராணிகள் சீக்கிரமே வெட்டுப்பட்டுவிடும். வெள்ளைக்கு வாணவேடிக்கை காட்ட இடமே இருக்காது. நான்காவது ஆட்டத்தில் டிரா. ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் அதைத் தவிர்க்கும் கிளையில் போய், முடிவு நிலை ஆட்டத்தில் தோற்றார். ஒன்பதாவது ஆட்டத்தில் நிம்சோ-இந்தியனில் துணிந்து தாக்கி, குதிரையை எஃப்1-க்கு இழுத்த ஒரே நகர்த்தலில் எல்லாம் போயிற்று. அன்று போட்டி நடந்த ஹயாத் ரீஜென்சியில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் மட்டுமா, மாநிலம் முழுவதும் செஸ் தெரிந்தவர்கள் வாய் பேசாமல் போனார்கள்.

நான்கு மாதம் கழித்து கான்டி-மான்சிஸ்க். முதல் சுற்றிலேயே எதிரே அரோனியன், ஆனந்துக்கு வெள்ளை. அரோனியன் மார்ஷல் தாக்குதலில் நிபுணர். ரூய் லோபஸில் கறுப்பு ஒரு சிப்பாயைத் தானம் செய்துவிட்டு வெள்ளை ராஜாவின் மேல் பாயும் வரிசை அது. 1918-இல் நியூயார்க்கில் கபாபிளாங்காவுக்கு எதிராக ஃபிராங்க் மார்ஷல் ஆடிப் பெயர் வாங்கியது. ஆனந்த் எட்டாவது நகர்த்தலாக எச்3 என்று ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளினார். மார்ஷலுக்கு வாசல் சாத்தப்பட்டது. புதுமை இல்லை, அதிர்ச்சி இல்லை. உலகம் முழுதும் தெரிந்த அமைதியான வரிசை. அங்கிருந்து மெல்ல மெல்ல அழுத்தி, காய்களை மாற்றி, நல்ல முடிவு நிலைக்கு வந்து வென்றார். கார்ல்சன் தனக்குச் செய்ததை நான்கு மாதத்தில் கற்று இன்னொருவருக்குச் செய்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது. போட்டி முழுவதையும் தீர்மானித்த ஆட்டம் இதுதான். அன்றைய விதிப்படி இருவர் சமமாக முடித்தால் அவர்கள் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்கள். முதல் நாளிலேயே முக்கிய எதிரியின் மேல் அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார் ஆனந்த்.

மீதிக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மூன்றாவது சுற்றில் கறுப்பில் மமெத்யாரோவை வென்றார். ஒன்பதாவதில் டோபலோவ் நைடோர்ஃப் சிசிலியனோடு வந்தார், தோற்றார். மற்ற பதினோரு ஆட்டமும் டிரா. தோல்வியே இல்லாமல் எட்டரைப் புள்ளி. ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதே, மார்ச் 29-ஆம் தேதி கர்யாகினோடு நீண்ட டிரா ஆடி முதலிடம் உறுதியானது. பன்னிரண்டாவது சுற்றில் ஆந்திரெய்கினுக்கு எதிராக வெல்லக்கூடிய நிலையில் அவர் டிராவுக்கு ஒப்புக்கொண்டபோது கணினி வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் பதறினார்கள். ஆனந்துக்கு அந்த அரைப்புள்ளி தேவைப்படவில்லை. கணக்குப் போட்டு ஆடுகிற நடுத்தர வயதுக்காரரின் வெற்றி அது. அழகில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வயதில் அந்தத் தோல்விக்குப் பிறகு அப்படிக் கணக்குப் போட முடிவதைத்தான் நான் அழகு என்பேன்.

டொராண்டோவுக்கு வருவதற்குள் பாவு போடும் தொழிலே மாறியிருந்தது. 2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ என்ற செஸ் நிரல், பின்னால் லீலா, 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் நிரலுக்குள்ளேயே நரம்பு வலையமைப்பு. வீட்டுக் கணினியில் இலவசமாக ஓடுகிற நிரல், பான் நகரில் ஆனந்தின் குழு மாதக்கணக்கில் தேடியதை ஒரு மதியத்தில் சொல்லிவிடும். எல்லாருக்கும் ஒரே தரமான நூல். யாரும் யாரையும் முதல் பதினைந்து நகர்த்தலில் வீழ்த்திவிட முடியாது என்ற நிலை. அப்படியானால் ஓபனிங் எதற்கு?

அதற்குப் பதில் டொராண்டோவின் முதல் மூன்று சுற்றுகளிலேயே கிடைத்தது. இரண்டாவது சுற்றில் ஹிகாரு நகமுராவுக்கு எதிராகக் கறுப்பில் விதித் பெர்லின் ஆடினார். கிராம்னிக் காலத்திலிருந்து கோட்டைச் சுவர் என்று பெயரெடுத்த அதே பெர்லின். அதிலிருந்து பிஷப்பை எச்3-இல் பலி கொடுத்துத் தாக்குதல்! சுவருக்குள்ளிருந்து படை புறப்பட்டு வந்த மாதிரி. நகமுரா நீண்ட நாளாகத் தோல்வி தெரியாமல் இருந்தவர், தோற்றார். மறுநாள் மூன்றாவது சுற்றில் விதித் வெள்ளையில் ரூய் லோபஸ் ஆட, பிரக்ஞானந்தா மூன்றாவது நகர்த்தலிலேயே எஃப்5 என்று சிப்பாயை நீட்டினார். யானிஷ் காம்பிட். நல்ல புத்தகங்கள் எல்லாம் பல காலமாக முகம் சுளித்த வரிசை. உயர் மட்டத்தில் ராஜபோவ் போன்ற ஒருசிலர்தான் நம்பி ஆடினார்கள். இன்றைய கணினியும் அதைப் பெரிதாக மெச்சாது. பிரக்ஞானந்தாவுக்கு அந்த மெச்சுதல் தேவையில்லை. அவருக்கு வேண்டியது, எதிராளி தனக்குத் தெரியாத இடத்தில் தனியாக நின்று யோசிக்க வேண்டும் என்பது மட்டும். கறுப்பில் வென்றார்.

இதுதான் மாற்றம். 2008-இல் ஓபனிங்கின் நோக்கம் சரியான நகர்த்தலைக் கண்டுபிடிப்பது. 2024-இல் சரியான நகர்த்தல் எல்லாருக்கும் தெரியும். ஆகவே சற்றே தவறான, ஆனால் எதிராளி இரவில் படித்திருக்க வாய்ப்பில்லாத நகர்த்தலைத் தேர்ந்தெடுப்பது. கடைசிச் சுற்றில் நகமுரா வெல்லத் துடித்துக்கொண்டிருந்தபோது குகேஷ் கறுப்பில் எடுத்ததும் இந்த வகைத் தேர்வுதான்: குயின்ஸ் காம்பிட் அக்செப்டெட். சிப்பாயைத் தருகிறேன் என்கிறாய், சரி, எடுத்துக்கொள்கிறேன் என்று இரண்டாவது நகர்த்தலிலேயே எடுத்துவிடுவது. நூறாண்டுக்கு மேல் பழகிய ஓபனிங். இருந்தாலும் டிரா போதும் என்று உட்கார்ந்திருப்பவரிடமிருந்து எதிர்பார்க்கும் சுவர் அது இல்லை; திறந்த நிலை, ஓடும் காய்கள். 71 நகர்த்தல் ஆடி டிரா செய்தார்.

குகேஷின் ஒன்பது புள்ளிகளில் ஐந்து வெற்றி, ஒரு தோல்வி. அந்த ஐந்தில் மூன்று கறுப்பில் வந்தவை: பிரக்ஞானந்தா, விதித், அபாசோவ். ஆனந்த் வென்ற மூன்றில் ஒன்றுதான் கறுப்பு. இந்தக் கணக்கை நான் முக்கியமாக நினைக்கிறேன். பழைய பாடம் என்ன சொல்லும்? வெள்ளையில் வெல்லப் பார், கறுப்பில் சமன் செய். முதல் நகர்த்தலின் ஆதாயத்தை வைத்து அழுத்துவதே தொழில். ஓபனிங் ஆதாயமே கரைந்துபோன காலத்தில் நிறத்துக்கு மதிப்புக் குறைகிறது. யார் கடைசிவரை யோசிக்கச் சலிக்காமல் இருக்கிறார் என்பதே மிஞ்சுகிறது. ஐந்தாவது சுற்றில் அபாசோவை வெள்ளையில் வெல்ல 87 நகர்த்தல் ஆனது அவருக்கு. சம நிலையைச் சம நிலை என்று ஏற்காத பிடிவாதம். இதை ஓபனிங் புத்தகத்தில் படிக்க முடியாது.

ஒரு தோல்வி என்றேனே, அது ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம். நல்ல நிலையில் இருந்தவர், நாற்பதாவது நகர்த்தலை எட்டும் அவசரத்தில் கோட்டை விட்டார். டொராண்டோவில் முதல் நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். அதுவரை ஒரு நகர்த்தலுக்கு இத்தனை வினாடி என்று சேர்த்துத் தரும் சலுகை கிடையாது. கான்டி-மான்சிஸ்கிலும் அப்படித்தான், அங்கே அறுபதாவது நகர்த்தல் தாண்டித்தான் அந்தச் சலுகை. ஆனால் அங்கே நாற்பதுக்குப் பிறகு இன்னொரு முழு மணி நேரம் கையில் வரும். டொராண்டோவில் அரை மணி. மற்றபடி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போட்டிகளில் இந்த வேறுபாட்டைப் பலர் கவனிக்கவில்லை. முப்பதாவது நகர்த்தலுக்கு மேல் வியர்க்க வைக்கும் ஏற்பாடு இது. அந்தத் தோல்விக்குப் பிறகு வந்த ஓய்வு நாளில்தான் இது என் போட்டியாக இருக்கலாம் என்று தோன்றியதாக வென்றபின் குகேஷ் சொன்னார். தோற்ற மறுநாளே அப்படித் தோன்றுவது பதினேழு வயதுக்குத்தான் முடியும்போல. ஆனந்துக்கு அந்தச் சோதனையே வரவில்லை. அவர் தோல்வியைச் சென்னையிலேயே முடித்துவிட்டுப் போயிருந்தார்.

பார்ப்பவன் கதைக்கு வருகிறேன். 2014-லும் கணினி எண்கள் திரையில் ஓடின. அவற்றைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்து, எல்லார் கையிலும் யூடியூப். பலகைக்குப் பக்கத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பட்டை. யாருக்குச் சாதகம் என்று அது ஏறி இறங்கிக் காட்டும். பதின்மூன்றாவது சுற்றில் குகேஷ் வெள்ளையில் ஃபிரூஜாவோடு ஆடிக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் எழுப்பினான்.

“மாமா, எந்திரிங்க. குகேஷ் ஜெயிக்கப் போறாரு.”

“எப்படிலே சொல்லுத?”

“பட்டை வெள்ளை மேல ஏறிட்டுல்லா.”

எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். அதை அவன் பார்க்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பட்டை சரியாகத்தான் சொன்னது. குகேஷ் வென்று அரைப்புள்ளி முன்னிலையில் தனியாக நின்றார். ஆனால் இந்தப் பட்டை ஒரு பொய்யையும் சொல்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. ஆந்திரெய்கினோடு ஆனந்த் டிரா செய்தபோது பதறியவர்களுக்கும், ஃபிரூஜாவிடம் குகேஷ் தவறு செய்தபோது இதைக்கூடப் பார்க்க முடியாதா என்றவர்களுக்கும் தெரிந்த விடை, ஆடியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓபனிங்கை ரசிக்க விரும்பினால் முதல் ஒரு மணி நேரம் அந்தப் பட்டையைக் கையால் மறைத்துக்கொள்வது நல்லது. யானிஷ் காம்பிட் வந்தவுடன் பட்டை வெள்ளைப் பக்கம் சற்றே சாயும். விதித்தின் முகத்தைப் பார்த்தவருக்கு வேறு சேதி கிடைத்தது.

இரண்டு பயணங்களுக்கும் நடுவே நூல் ஒன்று ஓடுகிறது. போலந்துக்காரர் கிரேகோர்ஸ் கயேவ்ஸ்கி. ரூய் லோபஸில் இவர் பெயரிலேயே ஒரு காம்பிட் உண்டு. 2014 நவம்பரில் சோச்சியில் கார்ல்சனோடு ஆனந்த் மறுபடி மோதியபோது ஆனந்தின் குழுவில் இருந்தார். பத்து ஆண்டு கழித்துக் குகேஷின் பயிற்சியாளரும் அவரே. குகேஷ் வளர்ந்தது 2020-இல் தொடங்கிய வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் அகாதமியின் நிழலில். 2023 செப்டம்பர் தரவரிசையில் ஆனந்தைத் தாண்டி இந்தியாவின் முதல் இடத்துக்கு வந்தார். 1986-இலிருந்து ஆனந்திடமே இருந்த இடம் அது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழையவர் கணினிக்காரர், இளையவர் கணினி இல்லாமல் வளர்ந்தவர். செஸ்ஸுக்குக் கணினியைப் பயன்படுத்திய முதல் தலைமுறை வீரர்களில் ஆனந்த் ஒருவர். வீரர் கணினியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆடும் லியோன் நகரப் போட்டிகளை வென்றவர். குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவோ, கிராண்ட்மாஸ்டர் நிலையைத் தொடும்வரை பையனை எஞ்சின் என்கிற செஸ் நிரல் பக்கமே விடவில்லை. தன் தலையாலேயே கணக்குப் போட்டுப் பழகட்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பழக்கத்தின் பலன்தான் டொராண்டோவில் கறுப்பில் வந்த மூன்று வெற்றியும் அந்த 87 நகர்த்தலும் என்று நான் நம்புகிறேன். எல்லாரும் ஒரே விடைப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவரும் தேர்வில், புத்தகம் முடிந்தபின் வரும் கேள்விக்குப் பதில் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் கூடுதல் மதிப்பெண். மனோகரமான தர்க்கம் இது. ஒரே ஓர் ஆளை வைத்துப் பொதுவிதி கட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதே டொராண்டோவில் எஞ்சினோடு பழகிய நெபோம்னியாச்சியும் கருவானாவும் நகமுராவும் அரைப்புள்ளிதான் பின்னால்.

அந்த அரைப்புள்ளியும் கடைசி விடியற்காலையில்தான் முடிவானது. குகேஷ் தன் டிராவை முடித்துவிட்டார். பக்கத்து மேசையில் கருவானாவும் நெபோம்னியாச்சியும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவரில் யார் வென்றாலும் ஒன்பது புள்ளியோடு குகேஷுக்குச் சமம். 2014-இன் விதி மாறிவிட்டதால் மறுநாள் ரேபிட் ஆட்டங்களில் பட்டப்போட்டி உரிமை தீர்மானமாகும். கருவானா வெல்லும் நிலையைப் பெற்றார், நழுவவிட்டார், மறுபடி முயன்றார். 109 நகர்த்தல். டிரா.

பிறகு நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். சோச்சியில் ஆனந்த் கார்ல்சனிடம் ஆறரைக்கு நாலரை என்று மறுபடி தோற்றார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று சாம்பியனானார். இதை மட்டும் வைத்து டொராண்டோ வெற்றி பெரியது என்பவர்களிடம் எதிரே இருந்தவர்கள் யார் என்று கேட்பேன். சோச்சியில் உச்சத்திலிருந்த கார்ல்சன். சிங்கப்பூரில் ஓராண்டுக்கு மேலாகத் தடுமாறிக்கொண்டிருந்த டிங். அந்த டிங்கும் முதல் ஆட்டத்திலேயே பிரெஞ்சுத் தற்காப்பை எடுத்துவந்து கறுப்பில் குகேஷை வீழ்த்தினார். உயர் மட்டத்தில் பலர் கைவிட்ட ஓபனிங். அதே டொராண்டோ பாடம்தான், இம்முறை குகேஷுக்கு எதிராக.

செஸ் கற்கும் பிள்ளைகளுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டச் சொன்னால் நான் கான்டி-மான்சிஸ்கின் முதல் சுற்று ஆட்டத்தைத்தான் பலகையில் வைப்பேன். எட்டாவது நகர்த்தலில் ஓரத்துச் சிப்பாயை ஏன் ஒரு கட்டம் தள்ளினார் என்பதை ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடச் சொல்லிப் புரியவைக்க முடியும். குகேஷின் கறுப்பு வெற்றிகளை அப்படி விளக்க எனக்கு இன்னும் வரவில்லை. எங்கே வென்றார் என்று விரலை வைத்துக் காட்டக்கூடிய இடம் அவற்றில் கிடைப்பதில்லை. அதனாலேயே அந்த மூன்று ஆட்டங்களையும் நான்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.